முழுக் கோளமும் ஐந்தாம் அத்தியாயமும்

ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டால் அந்த வாரமே கையெழுத்துப் போட்டுத் தருவதாக என் வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

"நாலு சேப்டர் போதுங்க அம்மணி. எம்.ஃபில்.லுக்கு இதே எச்சு, ரொம்ப அதிகமுங்க. அஞ்சாவது வேண்டாங்க."

இத்தனை 'ங்க' போட்டுக்கொண்டே ஒரு ஆளை வெட்டிப்போட முடியும் என்பது கோயமுத்தூரில் படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

"தப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா சார்?"

"தப்புன்னு இல்லீங்க. இன்டர்பிரட்டேஷன் எல்லாம் நமக்கு எதுக்குங்க? ஈக்வேஷனைப் போட்டமா, விடையை எழுதுனமா, போனமான்னு இருக்கோணும். அதுக்கு என்ன அர்த்தம்னு பெரியவங்க பேசிக்குவாங்க."

பெரியவங்க என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். எடுக்கப்போவதில்லை என்பது படியிறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் அப்பாவும் அம்மாவும் கருமத்தம்பட்டிப் பக்கத்தில் ஒரு தறிக்குடோனில் வேலை செய்தார்கள். அப்பா தறி ஓட்டினார், அம்மா தறிக்கு வேண்டிய ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுத்தார். அதற்கு முன்னால் இருவரும் வெள்ளகோவில் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர்கள். அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படியே. எங்கள் வீட்டுக்குள் பேனா என்று ஒன்று வந்ததே எனக்காகத்தான். இதைச் சொன்னால் சிலர் முகத்தை இரக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். வேண்டாம். நான் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தவள், பட்டப்படிப்பில் முதலாவதாக வந்தவள். யாரும் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கவில்லை.

எங்கள் இயற்பியல் துறையில் எல்லோரும் படிகம் வளர்ப்பவர்கள். கண்ணாடிக் குடுவையில் உப்புக் கரைசலை வைத்து, மூடி, ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் சேர்ந்தபோது எனக்கும் அதையே எடுக்கச் சொன்னார்கள். "பொறுமை வேணும் அம்மணி, பொண்ணுகளுக்குச் சரியா வரும்" என்றார் ஒரு ஆசிரியர். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் ஈர்ப்பியல் பக்கம் போனேன். துறையிலேயே தாளையும் பென்சிலையும் மட்டும் வைத்து வேலை செய்கிறவர் ஒருவர்தான் இருந்தார். அவரே என் வழிகாட்டி. நல்ல மனிதர். நிறையப் படித்தவர். அவர் அறையில் என்னைத் தவிர வேறு மாணவர் இல்லாததால் எனக்கு அவரும் அவருக்கு நானும்தான் பேச்சுத்துணை.

அவர் கொடுத்த தலைப்பு, ஈர்ப்பு விசையும் சேர்ந்திருக்கும்போது குவாண்டம் ஊடுருவல், அதாவது டனலிங், எப்படி நடக்கிறது என்பது. அதை இங்கே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நான் எதற்காகச் சண்டை போட்டேன் என்று புரியாது.

ஒரு மலைச்சரிவில் சின்னப் பள்ளம் ஒன்று. அதில் ஒரு பந்து கிடக்கிறது. பக்கத்திலேயே ஒரு மேடு, அதைத் தாண்டினால் இன்னும் ஆழமான பள்ளம். பந்துக்கு மேடேறத் தெம்பு இல்லை. சாதாரண இயற்பியல்படி அது காலம் முழுக்க அங்கேயே கிடக்க வேண்டியதுதான். ஆனால் அணுவுக்குள் இருக்கும் சிறு பொருட்கள் அப்படிக் கிடப்பதில்லை. மேடேறாமலே என்றாவது ஒருநாள் அந்தப் பக்கம் போய்விடுகின்றன. என்றாவது என்பது எவ்வளவு அரிது என்று கணக்கிட ஒரு வழி இருக்கிறது. காலத்தைக் கற்பனை எண்ணால் பெருக்கிவிட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் படித்தோமே, வர்க்கம் எடுத்தால் மைனஸ் ஒன்று வரும் எண், அதுதான். அப்படிப் பெருக்கியதும் மலை தலைகீழாகி மேடு பள்ளமாகிவிடுகிறது. பந்து அதில் தாராளமாக உருண்டு போய்த் திரும்பி வருகிறது. அந்தப் போக்குவரத்துக்குத்தான் இன்ஸ்டன்டான் என்று பெயர். அதிலிருந்து ஒரு எண் கிடைக்கும். நிகழ்தகவின் அடுக்கில் எதிர்க்குறியோடு உட்காருவது அந்த எண்தான்; அது பெரிதாக இருந்தால் ஊடுருவல் அரிது.

பந்துக்குப் பதிலாகப் பிரபஞ்சம் முழுவதும் பரவிய ஒரு புலம் என்றால் அதற்கும் இதே கணக்குத்தான். ஈர்ப்பையும் சேர்த்தால் ஒரு விநோதம் நடக்கிறது. கற்பனைக் காலத்தில் வெளியும் காலமும் சேர்ந்து ஒரு கோளமாக மூடிக்கொள்கின்றன. அந்தக் கோளத்தின் மேல் சமன்பாடு தரும் விடைகளில் ஒன்று இப்படி: புலம் எல்லா இடத்திலும் மேட்டின் உச்சியில் நிற்கிறது. சும்மா நிற்கிறது. உருள்வதில்லை, போவதில்லை, வருவதில்லை. ஆனாலும் கோளத்தின் பரப்பு முடிவில்லாததல்ல என்பதால் ஒரு எண் கிடைத்துவிடுகிறது.

இதற்கு என்ன அர்த்தம்? என் வழிகாட்டி படித்ததும் அவரே எழுதியதும், பிரபஞ்சம் முழுவதும் ஒரே நேரத்தில் உச்சிக்குத் தாவுகிறது என்பது. எனக்கு அது பொறுக்கவில்லை. ஒளி போய்ச் சேராத இரண்டு மூலைகள் ஒன்றாகத் தாவுவதற்கு எப்படிப் பேசிவைத்துக்கொள்ளும்? அடுத்த தெருவில் நடப்பதே எங்களுக்கு அரைநாள் கழித்துத்தான் தெரியும். தாவுவது முழுப் பிரபஞ்சம் அல்ல, ஒன்றோடொன்று சேதி சொல்லிக்கொள்ளக்கூடிய அளவுள்ள ஒரு துண்டுதான் என்று நான் நினைத்தேன். அதுவும் ஒரே தாவலாக அல்ல. வெந்நீரில் தூசி ஆடுகிற மாதிரி, சிறுசிறு உதைகள் பட்டுப்பட்டு ஏதோ ஒரு துண்டு உச்சிவரை ஏறிவிடுகிறது.

நினைத்ததோடு விடவில்லை. அந்த உதைகளைக் கணக்கில் கொண்டுவந்து, இன்ஸ்டன்டானைத் தொடாமலே, துண்டு உச்சியில் இருப்பதற்கான நிகழ்தகவைத் தனியாகக் கண்டுபிடித்தேன். மேடு தட்டையாக இருக்கும்வரை அந்த விடை கோளம் தந்த எண்ணோடு அப்படியே பொருந்தியது. அதுதான் ஐந்தாம் அத்தியாயம். வெளிநாட்டில் சிலர் எனக்கு முன்பே இதைச் செய்து முடித்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பத்திரிகைகள் எங்கள் நூலகத்துக்கு வருவதில்லை. வந்திருந்தால் படித்திருப்பேன். வராததால் நானே செய்தேன். இதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

இன்னொன்று. கல்லூரி மலரில் எழுதக் கேட்டவர்கள், "உங்க வாழ்க்கையே ஒரு டனலிங்தானே, தடையைத் தாண்டி வந்துட்டீங்களே, அதை வெச்சு எழுதுங்க" என்றார்கள். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஊடுருவுகிற பொருள் தெம்பில்லாமல் போகிறது. நான் தெம்போடு மேடேறி வந்தவள். கணக்கைக் கணக்காகவே விடுங்கள்.

ஐந்தாவது வேண்டாம் என்று என் வழிகாட்டி சொன்ன வாரத்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு மாமன் வந்திருந்தார். அம்மாவின் தம்பி. சத்தியமங்கலத்தில் லாரி செட்டில் வேலை. நான் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஏனம்மணி, இன்னுமா படிச்சு முடியல? எதைப் பத்தி அது?"

"மேட்டுல ஏறாம அக்கட்ட போறதைப் பத்திங்க மாமா."

"செவுத்தைத் தாண்டாம உள்ள பூந்து போறதா?"

"கிட்டத்தட்ட அப்படித்தானுங்க."

"இதுக்கு எதுக்குக் காலேஜு? ஜெயில்ல போய்க் கேட்டா நாலு பேரு சொல்லித் தருவானுங்க."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"இது எதுக்கு ஆவும் கண்ணு?"

"ஒண்ணுக்கும் ஆவாதுங்கப்பா."

"தறிக்கு, மோட்டாருக்கு, எதுக்குமே ஆவாதா?"

"ஆவாதுங்க."

"அப்பப் பெரிய படிப்புத்தான்" என்றார் அப்பா. "சின்னப் படிப்புன்னா ஏதாச்சும் ஒண்ணுக்கு ஆயிரும்."

மாமன் விடவில்லை. "வாத்தியாரு சொல்றதைக் கேட்டுட்டு வெசையா முடிச்சுப்போட்டு வா அம்மணி. அவரே வேண்டாங்கறப்ப உனக்கு எதுக்கு இந்த ரோசம்?"

"அவரு ஏன் வேண்டாங்கறாருன்னு சொல்லலீங்க மாமா. சொன்னா எடுத்துப்போடுவேன்."

மறுநாளே போய் அதைக் கேட்டேன். காரணம் சொல்லுங்க சார் என்றேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க விடையில அடுக்குல வர்ற எண்ணு எங்க பேப்பர்ல இருக்கறதுல பாதிதாங்க வருது. ரெண்டால குறையுது. உதை கணக்குல எங்கயோ விட்டுட்டீங்க."

அவருடைய பேப்பர் என்றால், என்னைப் போல அவரும் இளைஞராக இருந்தபோது எழுதியது. அதைப் படித்துத்தான் நான் இந்தத் தலைப்புக்குள்ளேயே வந்தேன். அவர் சொன்னது சரியாக இருந்தால் என் அத்தியாயம் குப்பை. முதலில் என் கணக்கைத்தான் சந்தேகப்பட்டேன். பேருந்தில், தறிச் சத்தத்தில், சோறு வடிக்கும் நேரத்தில் என்று திரும்பத் திரும்பப் போட்டேன். இரண்டு எங்கும் தொலையவில்லை. அப்புறம்தான் அவருடைய பேப்பரை எடுத்து, மரியாதையைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன்.

பிழை அங்கே இருந்தது. எங்கள் வேலையில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. குவாண்டம் கணக்கில் முதலில் வீச்சு என்று ஒன்றைக் கண்டுபிடிப்போம், பிறகு அதை வர்க்கப்படுத்தினால்தான் நிகழ்தகவு. இது எங்களுக்குக் கைப்பழக்கம். விடை வந்ததும் கை தானாக வர்க்கம் எடுத்துவிடும். அவர் முழுக் கோளத்தின் எண்ணை வீச்சு என்று எடுத்துக்கொண்டு பழக்கப்படி வர்க்கப்படுத்திவிட்டார். அடுக்கில் இருந்த எண் இரட்டித்துவிட்டது. ஆனால் முழுக் கோளம் வீச்சு அல்ல. அது ஏற்கெனவே நிகழ்தகவு. பாதிக் கோளம்தான் வீச்சு.

அவரிடம் தனியாகத்தான் முதலில் சொன்னேன். தாளை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவே இல்லை.

"நான் பார்த்துக்கறனுங்க. வெள்ளிக்கிழமை செமினார்ல நாலு சேப்டர் மட்டும் வெச்சுக்கலாம்."

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்னால் துறையில் எல்லோர் முன்பும் ஒரு முறை பேச வேண்டும். பேச வேண்டும் என்றுதான் பேர். எங்கள் துறையின் வழக்கம் வேறு. வழிகாட்டி பேசுவார். மாணவி புரொஜெக்டர் பக்கத்தில் நின்று, அவர் "நெக்ஸ்ட்" என்றதும் கண்ணாடித் தாளை மாற்றுவாள். கடைசியில் எல்லோருக்கும் தேங்காய் பன்னும் டீயும் அவள் கையால் கொடுப்பாள். எனக்கு முன்னால் போன அக்காமார்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அவர்களில் ஒருத்திக்குக்கூடத் தன் ஆய்வு என்னவென்று மேடையில் ஒரு வார்த்தை சொல்லும் வாய்ப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை நானும் நின்றேன். அவர் அழகாகப் பேசினார். அதை மறுக்க மாட்டேன். மலை, பந்து, தலைகீழ் மலை, கோளம் எல்லாம் வந்தது. "நெக்ஸ்ட்" என்றார், மாற்றினேன். "நெக்ஸ்ட்" என்றார், மாற்றினேன். நான்காம் அத்தியாயம் முடிந்தது. அங்கேயே நன்றி சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் ஒரு வரி சேர்த்துவிட்டார்.

"இதை வேற வழியில போட்டுப்பார்க்கலாம்னு கேண்டிடேட் கொஞ்சம் முயற்சி பண்ணுனாங்க. விடை பாதிதான் வந்துது. அதனால அதை விட்டுட்டோம். ஸ்டூடண்ட்ஸ்க்கு இதெல்லாம் சகஜம்தானுங்களே."

முன்வரிசையில் நாலு பேர் அன்பாகச் சிரித்தார்கள்.

நான் அவருடைய கடைசித் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். என் பையில் இருந்த தாளை புரொஜெக்டரில் வைத்தேன். நீல மார்க்கரில் வரைந்த ஒரு வட்டம், நடுவில் குறுக்காக ஒரு கோடு. வேறொன்றும் இல்லை.

"பாதி வரலீங்க சார். சரியாத்தான் வந்துது."

துறைத்தலைவர் அம்மா, அவரும் படிகம் வளர்ப்பவர்தான், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மணி, சார் முடிக்கட்டும்."

"சார் முடிச்சுட்டாருங்க மேடம். நான் இன்னும் ஆரம்பிக்கலீங்க."

என் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். குரல் நடுங்குவதற்கும் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை.

"இது கோளமுங்க. நடுக்கோடுதான் கற்பனைக் காலமும் நம்ம காலமும் சந்திக்கிற இடம். கீழ்ப் பாதிதான் வீச்சு. அதை வர்க்கப்படுத்தினா மேல் பாதியும் சேர்ந்து முழுக் கோளம் ஆயிருது. ஆக, முழுக் கோளத்தை எடுத்தாலே வர்க்கம் எடுத்தாச்சுங்க. அதை மறுபடியும் வர்க்கப்படுத்தினா அடுக்குல இருக்கற எண்ணு ரெண்டு மடங்கு ஆயிரும். பேப்பர்ல அப்படித்தான் ஆயிருக்குதுங்க. என் கணக்குல அது இல்லீங்க."

"பேப்பர்லன்னா?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"சாரோட பேப்பர்லீங்க."

யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். துறைத்தலைவர் அம்மா சாரைப் பார்க்கவில்லை, வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணு புரியலீங்க அம்மணி. அந்தப் பக்கம் போறதுதானே கேள்வி? போறது கீழ்ப் பாதின்னா போனது போனதுதானே. எதுக்குத் திரும்பி வரோணும்?"

நல்ல கேள்வி. அந்த அறையில் அன்று கணக்கைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரே கேள்வியும் அதுதான்.

"எதுவும் திரும்பி வர்றதில்லீங்க மேடம். வீச்சை வெறுமனே அதாலயே பெருக்கறதில்லீங்களே, அதோட பிம்பத்தால பெருக்கறோம். கண்ணாடியில பார்த்தாப்புல காலம் திரும்பி ஓடற பிம்பம். மேல் பாதி அந்தப் பிம்பமுங்க."

"சித்தே இருங்க" என்றார் என் வழிகாட்டி. அதுவரை ஓரத்தில் நின்றவர் புரொஜெக்டர் அருகே வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வட்டத்தின் மேல் விரலை வைத்து, கீழிருந்து நடுக்கோடு வரை கொண்டுபோனார். அங்கேயே நிறுத்தினார். திரையில் அவருடைய விரலின் நிழல் பெரிதாக விழுந்திருந்தது. வெகுநேரம் அதை எடுக்கவில்லை. பிறகு போய் உட்கார்ந்தார்.

நான் ஐந்தாம் அத்தியாயத்தை முழுவதும் சொன்னேன். உதைகள், துண்டு, சேதி போய்ச் சேரக்கூடிய எல்லையான தொடுவானம் எல்லாம். மேடு கூராக இருந்தால் என் கணக்கு செல்லாது என்பதையும் சொன்னேன், யாரும் கேட்காமலே. முடித்ததும் டீ வந்தது. பன் தட்டை நான் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் அது மேசையிலேயே கிடந்தது, பிறகு ஆளாளுக்கு எழுந்து வந்து எடுத்துக்கொண்டார்கள். அவர் மட்டும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை அவரே ஆள் அனுப்பினார். போனேன். உட்காரச் சொன்னார். வழக்கமாக நான் நின்றுகொண்டுதான் பேசுவேன்.

"போட்டுப் பார்த்தனுங்க. நீங்க சொன்னது சரிதான்."

என் ஆய்வேட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"அஞ்சாவது இருக்கட்டும். அர்த்தம் பத்தி நீங்க எழுதுனதும் இருக்கட்டும், எனக்கு அதுல இன்னும் ஒப்புதல் இல்லீங்க, ஆனா இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு. என் பேப்பரை ரெஃபரன்ஸ்ல இருந்து எடுத்துருங்க."

"ஏனுங்க சார்?"

"எதுக்குங்க அது? தப்பான பேப்பரு."

இதை அவர் கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, யாருடைய பேப்பரைப் பற்றியோ பேசுகிற மாதிரிச் சொன்னார். ஒரு நிமிடம் சரி என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. ஒரு வரியை அடித்தால் போதும், கையெழுத்து என் கையில். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"எடுக்க மாட்டேனுங்க சார்."

"அம்மணி..."

"அதைப் படிச்சுத்தானுங்க நான் வந்தேன். அதை எடுத்துப்போட்டா இதெல்லாம் எங்கிருந்து வந்துதுன்னு எழுதறது? நான் எங்கயோ வெளிநாட்டுல படிச்சுட்டு வந்த மாதிரி இருக்கும். நான் இங்கதானுங்க படிச்சேன்."

"படிக்கறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"ஒரு இடத்துல ரெண்டால பெருக்கிட்டாருன்னு நினைப்பாங்க. மீதி எல்லாம் சரின்னும் நினைப்பாங்க. அதையும் எழுதியிருக்கறனுங்க. முப்பத்தெட்டாம் பக்கம் அடிக்குறிப்பு."

அவர் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். அடிக்குறிப்பைப் படித்தார். அதில் அவருடைய பேப்பரின் பெயர், பிழை எந்தச் சமன்பாட்டில், அதனால் எவையெல்லாம் மாறாது என்பவை இருந்தன. 'மாறாது' என்ற பகுதிதான் நீளம். அதை வேண்டுமென்றே நீளமாக எழுதவில்லை. உண்மையில் மாறாதவைதான் அதிகம்.

"எரர்னு போட்டிருக்கீங்க. டிஃபரன்ஸ்னு போடலாமேங்க?"

"எரர்தானுங்களே சார்."

அவர் என்னைப் பார்த்தார். முதன்முதலாக என் முகத்தைப் பார்க்கிறார் என்று தோன்றியது. பிறகு சிரித்துவிட்டார், பல் தெரிகிற சிரிப்பு இல்லை, மூச்சு விடுகிற மாதிரி ஒன்று.

"நீங்க விட மாட்டீங்க."

"விட மாட்டேனுங்க."

சான்றிதழ்ப் பக்கத்தை எடுத்து, கீழே ஒரு தடித்த புத்தகத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை தாளைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கொடுத்ததும் வாங்கிக்கொண்டு எழுந்தேன். அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஒரு நன்றியாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. திரும்பிப் போகவில்லை. அடிக்குறிப்பில் அவருக்குக் கொடுக்க வேண்டியதை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.

அந்த ஆய்வேடு துறை நூலகத்தில், படிகம் வளர்த்த ஏடுகளுக்கு நடுவில் நிற்கிறது. பிரபஞ்சம் முழுவதும் தாவுகிறதா, ஒரு துண்டு மட்டும் தாவுகிறதா என்று எங்கெங்கோ இன்னும் வாதம் நடக்கிறது. நடக்கட்டும். என் தரப்பு ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது, அவர் பெயரும் என் கணக்கும் ஒரே பக்கத்தில், அவர் அடித்துவிடச் சொன்ன அதே பேப்பரைச் சொல்லும் அடிக்குறிப்போடு.